பவர் ஸ்டீரிங் பம்ப் போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன்: பழைய கார் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் பட்டறைக்கு வந்த ஒருவர் வண்டியை விட்டு இறங்கும்போதே, "ஸ்டீரிங் கல்லு மாதிரி இருக்கு. பம்ப் போச்சு. புதுசு வரவழைச்சுப் போட்டுடுங்க" என்றார். ஒரு நாள் வண்டி இங்கே இருக்கட்டும், பார்த்துச் சொல்கிறோம், பார்ப்பதற்கு 800 ரூபாய் ஆகும் என்றோம். "எதையும் மாத்தாம பாக்குறதுக்கே காசா?" என்று கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. வாசலில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்ல எங்களுக்குத்தான் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாலு வருஷம் முன்பு, வெள்ளை நகரத்தில் இருக்கும் சொல்தா தாத்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) ஒருவர் தன்னுடைய பென்ஸ் டபிள்யூ 123-ஐக் கொண்டுவந்தார். இடது பக்கம் திருப்பினால் கனம், வலது பக்கம் வெண்ணெய். நாங்களும் அவசரத்தில் பம்ப் என்று சொல்லிவிட்டோம். பம்ப் வந்து சேர மூன்று வாரம். மாட்டி, ஆயில் ஊற்றி, தெருவில் ஒரு சுற்று ஓட்டினால், இடது பக்கம் அதே கனம்! பம்ப் பலவீனமானால் இரண்டு பக்கமும்தான் கனக்கும். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் கோளாறு, ஸ்டீரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டீரிங் பாக்ஸுக்குள்ளே, வால்விலோ பிஸ்டன் சீலிலோ இருக்கும். தொழில் கற்ற முதல் வருஷமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. தாத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. "அந்தப் பழைய பம்ப்பைக் குடுப்பா, பேப்பர் பறக்காம வச்சுக்கிறேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. பம்ப் விலையை நாங்கள் வாங்கவில்லை. அன்றிலிருந்து, ஆயிலின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் போட்டுப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் பம்ப் மாற்றுவதில்லை.

பவர் ஸ்டீரிங் வேலை செய்யும் விதம் பெரிய சூட்சுமம் இல்லை. என்ஜினிலிருந்து வரும் பெல்ட் பம்ப்பைச் சுற்றுகிறது, பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது. நீங்கள் ஸ்டீரிங்கைத் திருப்பும் பக்கத்துக்கு ஏற்ப பாக்ஸில் இருக்கும் வால்வு அந்த ஆயிலைப் பிஸ்டனின் ஒரு பக்கம் விட்டுக் கைக்கு ஒத்தாசை செய்கிறது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க என்ஜினியர் 1926-லேயே இதைச் செய்து ஓட்டிக் காட்டிவிட்டார். கடைக்கு வரும் காரில் அது வந்தது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில். நம் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் டபிள்யூ 123, 124 பென்ஸ், பவர் ஸ்டீரிங் வைத்த கான்டெஸ்ஸா, கடைசிக் காலத்து அம்பாசடர். உருவம் வேறு, உள்ளே கதை ஒன்றுதான்.

இங்கே வருவதற்கு முன் வீட்டிலேயே நீங்கள் சிலதைப் பார்த்துவிடலாம். எங்களுக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

முன் டயர் காற்று. சிரிக்காதீர்கள். "பவர் ஸ்டீரிங் செத்துப்போச்சு" என்று அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்பாசடரில் முன் டயர் இரண்டிலும் காற்று 18 பி.எஸ்.ஐ.தான் இருந்தது. பங்க்கில் சரியான அளவு வைத்ததும் பாதிக் கனம் போய்விட்டது.

அப்புறம் ஆயில். பம்ப்புக்கு ஆயில் போகும் டப்பாவின் மூடியைத் திறந்து அளவை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள், நிறத்தையும் பாருங்கள். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்து, விரலில் தொட்டால் கருகல் வாசம் அடித்தால் ஆயில் வெந்திருக்கிறது, அல்லது ஓஸின் உள்ரப்பர் கரைந்து வருகிறது. ரோஸ் மில்க் போல நுரைத்திருந்தால் எங்கேயோ ஏர் இழுக்கிறது.

சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். முழுக்கத் திருப்பும்போது 'கீச்' என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது பளபளவென்று தேய்ந்திருக்கிறது. கன்று போடப்போகிற மாடு மாதிரி நீளமாக முனகினால் ஆயில் குறைவு, இல்லாவிட்டால் ஏர். இந்த முனகலைக் கேட்டதும் பம்ப் பேரிங் போச்சு என்று சொல்லும் மெக்கானிக்குகள் நிறைய. ஒரு கான்டெஸ்ஸாவில் எங்களுக்கே இரண்டு நாள் பிடித்தது. தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை, ஆனால் டப்பாவில் நுரை. டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஓஸில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான். அதனால் அங்கே ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். என்ஜின் ஓடும்போதே அந்த ஓஸின் வாயைச் சுற்றிக் கிரீஸைத் தடவினோம். அடுத்த நிமிஷம் முனகல் நின்றது. போட்டது ஒரு புதுக் கிளிப், விலை 40 ரூபாய். அந்த வண்டிக்காரர் வேறொரு இடத்தில் அதற்கு முன்பே ஒரு பம்ப் மாற்றியிருந்தார்.

நான்காவது சோதனைக்கு ஜாக்கி வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் போட்டு, சக்கரம் இரண்டும் அந்தரத்தில் இருக்கும்போது என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீரிங்கைத் திருப்பிப் பாருங்கள். தரையே தொடாமல் இருந்தும் இறுகினால், பம்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பால் ஜாயின்ட் காய்ந்திருக்கும், அல்லது ஸ்டீரிங் ராடின் மூட்டு துருப்பிடித்திருக்கும். நம் ஊரில் இது அதிகம். கடல் காற்று ஒரு பக்கம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ரெயின்போ நகர் பக்கமெல்லாம் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னொரு பக்கம். அப்போது சீட்டையும் கார்பெட்டையும் காயவைத்தார்களே தவிர, கீழே இருக்கும் மூட்டுகளை யாரும் நினைக்கவில்லை. அதே போல பம்ப்பின் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் துருப் புள்ளி விழுந்திருந்தால் எத்தனை சீல் போட்டாலும் ஒழுகும். சீலின் உதடு அந்தப் புள்ளியிலேயே உரசிக் கிழியும். முதலில் ஷாஃப்டைப் பாலிஷ் போட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் லேத்தில் கொடுத்து அதன் மேல் ஸ்லீவ் என்ற மெல்லிய உறையை ஏற்ற வேண்டும்.

சரி, இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையென்றால்தான் எங்கள் கேஜ். பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே அழுத்த மீட்டரும் ஒரு அடைப்பு வால்வும் வைப்போம். வால்வை நாலைந்து விநாடி மட்டும் மூடினால் பம்ப் தன் முழு பலத்தையும் காட்டியாக வேண்டும். கம்பெனி சொன்ன அளவு வண்டிக்கு வண்டி மாறும், ஆனாலும் டயரில் நீங்கள் வைக்கும் காற்றைப்போல முப்பது மடங்குக்கு மேலேயே இருக்கும். அந்த அளவுக்கு முள் ஏறாவிட்டால் பம்ப்தான் குற்றவாளி. வால்வை மூடும்போது ஏறி, திறந்துவிட்டு ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஏறாவிட்டால் பாக்ஸுக்குள் ஆயில் கசிகிறது. ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைத்தால் நல்ல பம்ப்பும் சூடேறிக் கெட்டுவிடும், அதனால் இதை வீட்டில் செய்ய வேண்டாம். 800 ரூபாய் இந்த வேலைக்குத்தான். பம்ப் மாற்ற நேர்ந்தால் அதைப் பில்லில் கழித்துவிடுவோம்.

ஸ்டீரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்று வருபவர்களுக்கு ஒரு கெஞ்சல். பாக்ஸ் தலையில் இருக்கும் திருகை யாராவது முறுக்குகிறேன் என்றால் விடாதீர்கள். டபிள்யூ 123-ல் ஆட்டம் பெரும்பாலும் ஐட்லர் ஆர்ம் என்ற தாங்கு கையின் புஷ்ஷிலோ, ராடையும் பாக்ஸையும் சேர்க்கும் ரப்பர் இணைப்பிலோதான் இருக்கும். ஒருவர் ஸ்டீரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து எந்த மூட்டு அசைகிறது என்று கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் திருகை இறுக்கினால் ஆட்டம் போன மாதிரி இருக்கும், ஆனால் வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாக நேராகாது. ஈ.சி.ஆரில் அது விளையாட்டில்லை. பாக்ஸின் பல்லும் தின்றுபோகும்.

இனி, மாற்றியே ஆக வேண்டும் என்றால் பில் ஏன் பம்ப் விலையோடு நிற்பதில்லை என்பது. பழைய பம்ப் தேய்ந்த இரும்புத் தூள் ஓஸிலும் பாக்ஸிலும் சுற்றிக்கொண்டிருக்கும். அதை அலசாமல் புதுப் பம்ப்பை மாட்டினால் அதே தூள் அதையும் தின்னும். அதனால் ஆயிலை முழுக்க இறக்கி, புது ஆயிலால் அலசி, டப்பாவுக்குள் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வடிகட்டியை மாற்றி, செம்பு வாஷர்கள் புதிதாகப் போடுகிறோம். இந்த வடிகட்டி ஒன்று உண்டு என்பதே பல பென்ஸ்காரர்களுக்குத் தெரியாது.

ஓஸ் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை. ஜே.சி.பி. ஓஸ் அடிக்கும் கடையில் அதே நீளத்துக்கு அடித்து வாங்கினால் விலை மலிவு, அழுத்தமும் தாங்கும். ஆனால் அது விறைப்பான கம்பி வலை ஓஸ். காருக்கென்று வரும் ஓஸ் கொஞ்சம் உப்பி, பம்ப்பின் துடிப்பை உள்வாங்கிக்கொள்ளும். விறைப்பான ஓஸ் போட்டால் அந்தத் துடிப்பு முழுக்க ஸ்டீரிங்குக்கு வந்து கையில் அதிரும். ஒரிஜினல் கிடைக்கும்வரை தற்காலிகமாகப் போடலாம் என்பது இதை எழுதும் என் கட்சி. திரும்பி வருகிற ஓஸில் ரேடியேட்டர் ரப்பர் ஓஸை மாட்டுவதை மட்டும் எந்தக் கட்சியும் ஏற்காது. ஆயில் பட்டால் அது ஊறி உரிந்துவிடும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பம்ப் வாங்கி வருகிறீர்களா, தாராளமாக வாருங்கள், மாட்டித் தருகிறோம். மாட்டும் முன் திறந்து பார்ப்போம். புல்லியைக் கையால் சுற்றினால் கரகரவென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புல்லியைச் சுத்தியால் அடித்துக் கழற்றிய தழும்பு இருந்தால் அதையும் தொடாதீர்கள். அந்த அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே போய் பேரிங்கில்தான் இறங்கியிருக்கும்.

மாட்டி முடித்ததும் ஆயிலில் சிக்கிய ஏரை எடுக்கும் வேலையில்தான் உங்கள் பொறுமை தேவை. முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, என்ஜினைப் போடாமலே ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு இருபது முறை மெதுவாகத் திருப்பி, ஆயில் இறங்க இறங்க ஊற்றுவோம். குமிழி நின்ற பிறகுதான் சாவி. நுரைத்தால் அணைத்துவிட்டு அடங்கும்வரை காத்திருப்போம். "என்னங்க, பையன் சும்மா உட்கார்ந்து டீ குடிக்கிறான்?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நுரை அடங்குவதற்காகத்தான் குடித்தான்.

ஆயில் குறைந்தால் பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். இந்தச் சீல்கள் மினரல் ஆயிலுக்கு ஆனவை, பிரேக் ஆயில் பட்டால் வீங்கிக் கூழாகிவிடும். நீங்கள் சொன்னால் உங்கள் வண்டிக்கான ஆயிலின் பெயரைச் சீட்டில் எழுதி மூடிக்குப் பக்கத்தில் ஒட்டித் தருகிறோம்.

வெள்ளை நகரத்து நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. அந்தச் சந்துகளில் இடம் பிடிக்கும்போது வண்டி நகராமலே ஸ்டீரிங்கை வளைத்து, கோடியில் தட்டிய பிறகும் அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள். அந்த 'உர்ர்' சத்தம் பம்ப் மூச்சுத் திணறும் சத்தம். சக்கரம் ஒரு சாண் உருண்டபடியே திருப்புங்கள், கோடியில் தட்டியதும் ஒரு விரல் அளவு விட்டுவிடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஸ்டீரிங் பார்க்க வேண்டியவர்கள் முதல் நாளே போனில் சொல்லிவிட்டு வாருங்கள், ஒரு நாளைக்கு இரண்டு வண்டிதான் எடுக்க முடியும். ஞாயிறு விடுமுறை. கழற்றிய பழைய பாகம் உங்களுடையது. துணிப்பையில் போட்டுப் பில்லோடு தருவோம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறை,
கடலூர் சாலை, முதலியார்பேட்டை, புதுச்சேரி