நிப்பாவைக் கொடுத்தவர்கள் நாம்: ஜெனீவாவில் பேசும் மலேசியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
நவம்பர் 2025

சுகாதார அமைச்சின் சார்பில் ஜெனீவாவில் பேச்சுவார்த்தை நடத்தும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஜெலுத்தோங்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனாலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பெருந்தொற்று ஒப்பந்தத்தில் இன்னும் முடியாமல் கிடக்கும் பின்னிணைப்பைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

2025 மே 20-ஆம் தேதி அந்த நிறுவனத்தின் உலகச் சுகாதாரப் பேரவை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. சண்டை எதில் இருந்ததோ அதை மட்டும் தள்ளிவைத்துவிட்டார்கள். ஒரு நாடு தன் மண்ணில் தோன்றிய கிருமியையும் அதன் மரபணு வரிசையையும் உலகத்துக்குக் கொடுத்தால், அதிலிருந்து உருவாகும் தடுப்பூசியிலும் மருந்திலும் அந்த நாட்டுக்கு என்ன திரும்பி வரும்? இதற்குப் பதில் சொல்லும் பின்னிணைப்பு 2026 மே மாதம் பேரவைக்கு வர வேண்டும் என்பது முடிவு. அது முடியும்வரை ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போட முடியாது.

இந்தக் கேள்வி மலேசியாவுக்குப் புதிதல்ல. 1998 கடைசியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் கிளம்பியது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை, நெகிரி செம்பிலான் வரை பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த மாதிரியை அமெரிக்காவுக்கே எடுத்துப் போனார். அங்கே பார்த்த பிறகுதான் இது வேறு கிருமி, கொசுவை விரட்டிப் பயனில்லை, பன்றியிலிருந்துதான் வருகிறது என்பது உறுதியானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள், பரவல் அடங்கியது. 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். வைரஸுக்கு சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் விழுந்தது.

கிருமியைப் பூட்டிவைக்கச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று அந்த வைரஸ் மாதிரி உடனே கைமாறியதால்தான் பல உயிர் தப்பியது. என் ஆதங்கம் அதற்குப் பிறகு நடந்ததில். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, நிப்பாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி ஒன்றுகூட இல்லை. எல்லாம் சோதனைக் கட்டத்தில்தான். இடையில் பங்களாதேஷில் திரும்பத் திரும்ப வந்தது. 2018-ல் கோழிக்கோட்டில் வந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து பரிசோதனை மருந்தை வரவழைக்க வேண்டியிருந்தது.

இப்போது ஒப்பந்தத்தின் பன்னிரண்டாவது பிரிவைப் பாருங்கள். சேர்ந்துகொள்ளும் நிறுவனங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலகச் சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்வது இலக்கு. அதில் குறைந்தது பாதி, அதாவது மொத்தத்தில் 10 சதவீதம், இலவசம். நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கு எப்போது தொடங்கும்? பெருந்தொற்று அவசரநிலை என்று அறிவித்த பிறகு. நிப்பா போன்ற நோய் ஒருநாளும் அந்த வரம்பைத் தொடாமல் போகலாம். கிருமியை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும், மருந்து மட்டும் உலகமே பற்றி எரிந்த பிறகு வரும் என்றால், இதில் எங்கே பங்கீடு இருக்கிறது? வட்டார அளவில் நோய் வெடிக்கும்போதே பங்கு வர வேண்டும். உங்களிடம் நான் கேட்க வந்தது முக்கியமாக இதைத்தான்.

அப்புறம், மரபணு வரிசை. இன்று குப்பியில் கிருமியை அனுப்ப வேண்டிய அவசியம்கூட இல்லை, கணினியில் எழுத்து வரிசை போதும். அதைப் பெயர் சொல்லாமல் இறக்கிக்கொள்ள விட்டுவிட்டு, பிறகு யாரிடம் போய்ப் பங்கு கேட்பீர்கள்? பதிவு செய்து, நிபந்தனையை ஏற்றவர்களுக்குத்தான் என்று எழுதுங்கள். இந்தோனேசியா 2007-ல் பறவைக் காய்ச்சல் மாதிரிகளைத் தர மறுத்து மல்லுக்கு நின்றது, பலர் திட்டினார்கள். ஆனால் 2011-ல் இன்ஃபுளுவென்சாவுக்கு ஒரு பகிர்வு ஏற்பாடு பிறந்ததற்கு அந்த மல்லுக்கட்டும் காரணம்.

2021-ல் கொரோனா தடுப்பூசிக்குக் காத்திருந்தபோது, எங்கள் கடைக்கு வந்த பாட்டிமார் அரசின் மைசெஜாத்திரா செயலியைத் திறந்து போனை என் கையில் கொடுப்பார்கள். "தம்பி, என் பேரு வந்திருச்சா பாரு." வந்திருக்காது. காசுள்ள நாடுகள் தங்கள் மக்கள்தொகைக்குப் பல மடங்கு ஊசியை முன்பதிவு செய்துவிட்டிருந்தன. உலகத்துக்கே ரப்பர் கையுறை செய்து அனுப்பிய நாடு இது.

அழுத்திக் கேட்டால் மருந்து நிறுவனங்கள் விலகிவிடும் என்ற பயம் உங்கள் மேசையில் இருக்கும். 2017-ஐ நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டாலர் விலை வைத்த சொஃபோஸ்புவிர் என்ற ஹெபடைட்டிஸ் சி மாத்திரைக்கு நம் அரசு கட்டாய உரிமம் கொடுத்தது, அதாவது காப்புரிமை வைத்திருந்த நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே மலிவு நகலுக்கு வழி திறந்தது. எகிப்திலிருந்து மலிவு மருந்து வந்தது, அரசு மருத்துவமனையில் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்கு இலவசமாகவே கிடைத்தது. 2021-ல் அதோடு சேர்த்துக் கொடுக்கும் ரவிடாஸ்விர் என்ற மருந்தையும் நாம் பதிவு செய்தோம். வானம் இடிந்து விழவில்லை. இந்த விஷயங்களைக் கரைத்துக் குடித்த மூன்றாம் உலக வலையமைப்பு (Third World Network) என்ற ஆய்வு, பிரச்சார அமைப்பு பினாங்கில்தான் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று. ஜெனீவாவில் மலேசியா எதைக் கேட்கிறது, எதை விட்டுக்கொடுக்கிறது என்பதை அடுத்த சுற்றுக்கு முன் ஒரு பக்கத்தில் எழுதி மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் வெளியிடுங்கள். தமிழ்ப் பக்கத்தை அச்செடுத்து எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் மருந்துக் கடை ஊழியன்