‘எக்ஸ்பயர் ஆயிட்டார்’ என்று சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஐப்பசியில் என் சித்தப்பாவைச் சென்னையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். நான்காம் நாள் பின்னிரவில் வெளியே வந்த பணி மருத்துவர், வாசலில் உட்கார்ந்திருந்த சித்தியிடம், “பேஷன்ட் எக்ஸ்பயர் ஆயிட்டாரும்மா” என்று தணிந்த குரலில்தான் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சித்திக்கு அந்தச் சொல் தெரியும். ஆனால் அது மருந்துக் கடையில் தெரிந்துகொண்ட சொல். ஒயர் கூடையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, பின்புறம் அச்சிட்டிருந்த தேதியைத் தேடிக்கொண்டே, “பார்த்துத்தானே சார் வாங்கினேன்” என்றார்.

அந்த இளைஞரைக் குறைகூற இதை எழுதவில்லை. மூச்சை வெளியே விடுதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. நம் ‘மூச்சு அடங்கியது’ என்பதற்கு நெருங்கிய சொல்தான். ஆனால் மருந்து, பாலிசி, ஓட்டுநர் உரிமம் என்று காலாவதியாகும் பொருள்களுக்கே அது நம் காதில் பழகிவிட்ட பிறகு, அதே சொல்லை ஒரு மனிதருக்குச் சொல்லக் கேட்பது வலிக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே, அதிர்ச்சியில் இருப்பவர் வேறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்பதால், ‘பாஸ்ட் அவே’ (passed away) போன்ற பூசி மெழுகிய சொற்களைத் தவிர்த்து, ‘டைட்’ (died) என்று நேராகச் சொல்லும்படியே மருத்துவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள்.

சாவை மென்மையாகச் சொல்வது தமிழுக்குப் புதிதன்று. இதை மங்கலம் என்று நன்னூல் தனி வழக்காகவே வகுத்திருக்கிறது. உறங்குதலைக் குறிக்கும் ‘துஞ்சுதல்’ என்ற சொல்லால், ‘குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்’ என்று இறந்த இடத்தைச் சேர்த்து மன்னனுக்கே பெயர் வழங்கினார்கள். இன்றும் எங்கள் பெரம்பூர்ச் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் ஒருவர் சிவலோகப் பதவி அடைகிறார், ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைகிறார், ஒருவர் இயற்கை எய்துகிறார். இவையெல்லாம் உற்றார் தங்கள் நம்பிக்கைக்கேற்பத் தேர்ந்துகொள்ளும் சொற்கள். முன்பின் அறியாத குடும்பத்திடம் முதற்செய்தியைச் சொல்ல நேரும் மருத்துவருக்கு ‘இறந்துவிட்டார்’ என்ற ஒன்றே போதும். ‘செத்துவிட்டார்’ என்பதிலுள்ள கடுமை அதில் இல்லை. இறத்தல் என்றால் கடத்தல், அதனால்தான் கடந்துபோன காலத்தை இறந்தகாலம் என்கிறோம்.

மருத்துவக் கல்லூரிகளில், நோயாளியின் பெயரையோ உறவுமுறையையோ சொல்லி, இச்செய்தியைத் தமிழில் தெரிவிக்க மாணவர்களைப் பழக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்றிரவு சித்தியின் கையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “சித்தப்பா இறந்துட்டார் சித்தி” என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை – 11