பிஸ்லாமா உடைந்த ஆங்கிலமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பசிபிக் தீவு நாடான வனுவாட்டு பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரை அந்த நாட்டை 'முன்னாள் பிரிட்டிஷ் காலனி' என்றும், மக்கள் பேசும் பிஸ்லாமாவை 'உடைந்த ஆங்கிலம்' என்றும் குறிப்பிடுகிறது. இரண்டும் தவறு. ஒன்றைத் திருத்தாமல் மற்றதைத் திருத்த முடியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1980 ஜூலை 30 வரை அந்தத் தீவுக்கூட்டத்தின் பெயர் நியூ ஹெப்ரிடீஸ். 1774-இல் கேப்டன் குக் வைத்த பெயர் அது. 1906-இல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி பிரிட்டனும் பிரான்ஸும் அதைச் சேர்ந்து ஆண்டன. ஆளுக்குப் பாதித் தீவுகள் என்று பிரித்துக்கொள்ளவில்லை. எல்லாத் தீவுகளிலும் இருவர் ஆட்சியும் நடந்தது. ஆணையர்கள் இருவர், போலீஸ் இரண்டு, சிறை இரண்டு, மருத்துவமனை இரண்டு, பள்ளிக்கூட நிர்வாகம் இரண்டு. வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறுபவர் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவார் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான நீதிமன்றத்தில் ஒரு பிரிட்டிஷ் நீதிபதியும் ஒரு பிரெஞ்சு நீதிபதியும் இருக்க, அதன் தலைவரை நியமிக்கும் உரிமை ஸ்பெயின் மன்னரிடம் இருந்தது. மண்ணின் மக்களுக்கோ பிரிட்டிஷ் குடியுரிமையும் கிடையாது, பிரெஞ்சுக் குடியுரிமையும் கிடையாது. சொந்த ஊரில், எந்த நாட்டின் குடிமக்களாகவும் இல்லாமல் எழுபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 'பிரிட்டிஷ் காலனி' என்று எழுதினால் இந்தக் கொடுமை முழுவதும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

பிஸ்லாமா இந்த ஆட்சிக்கும் முந்தியது. கடல் அட்டை என்ற கடலடி உயிரினத்தைக் குடல் நீக்கி, வேகவைத்து, உலர்த்திச் சீனாவுக்கு அனுப்பும் வணிகம் பசிபிக்கில் அப்போது பெரிதாக நடந்தது. கடல் அட்டைக்கு பிரெஞ்சில் வழங்கிய 'பெஷ் த மேர்' என்ற பெயர்தான் அந்த வணிகர்களோடு வளர்ந்த பேச்சுக்கும் ஒட்டிக்கொண்டு, திரிந்து பிஸ்லாமா ஆயிற்று. 1825-இல் எரொமாங்கோ தீவில் சந்தன மரம் இருப்பது தெரிந்ததும் மரம் வெட்டக் கப்பல்கள் வரத் தொடங்கின. ஆனால் அந்தப் பேச்சை மொழியாக்கியது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இருந்த கரும்புத் தோட்டம். 1863 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வனுவாட்டு, சாலமன் முதலிய தீவுகளிலிருந்து ஏறத்தாழ 62,000 பேர் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். ஏமாற்றியும், கடத்தியும் ஏற்றப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. வெவ்வேறு மொழி பேசும் தீவுக்காரர்கள் ஒரே வேலைக் கும்பலில் சேர்க்கப்பட்டபோது, தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது. வெள்ளையர் அல்லாதார் குடியேறுவதைத் தடுத்த 'வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை' வந்து 1900-களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பியபோது, அந்த மொழியையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பப்புவா நியூகினியின் டோக் பிசின், சாலமன் தீவுகளின் பிஜின் இரண்டும் இதற்கு நெருங்கிய உறவு. முதலாளியோடு பேசுவதற்காக மட்டும் பிறந்த மொழியாக இதைக் கருதுவோர், அந்தத் தொழிலாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதை மறந்துவிடுகிறார்கள்.

சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பது உண்மை. இலக்கணத்தின் கதை வேறு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'யூமி', விலக்கிச் சொன்னால் 'மிஃபாலா'. 'நாம்', 'நாங்கள்' என்று பிரித்துப் பேசும் நமக்கு இது உடனே விளங்கும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இந்தப் பிரிவு இல்லை. அதோடு நிற்கவில்லை. நீயும் நானும் இருவர் மட்டும் என்றால் 'யூமிட்டு', நம் மூவர் என்றால் 'யூமிட்ரிஃபாலா'. இருவருக்கும் மூவருக்கும் தனித்தனிப் பிரதிப்பெயர் தமிழிலேயே கிடையாது. தீவுகளின் ஓசியானிய மொழிகளில் இவை உண்டு. ஓர் ஆங்கிலேயர் தன் மொழியை எவ்வளவு உடைத்தாலும் இந்த வாய்பாடு வராது.

படர்க்கையில் வினைக்கு முன்னால் எழுவாயைச் சுட்டும் ஒரு சிறு சொல் வரும். 'மி காம்' என்றால் நான் வருகிறேன். மூன்றாம் மனிதர் வந்தால் 'ஹெம் இ காம்'. பலர் வந்தால் 'ஓல்கெட்டா ஓலி காம்'. இந்த 'இ', 'ஓலி' இரண்டையும் விட்டுவிட்டுப் பேசுவதுதான் வெளிநாட்டார் செய்யும் முதல் பிழை. காலம் காட்டவும் ஒழுங்கு உண்டு. எதிர்காலத்துக்கு 'பாய்' முன்னால் வரும்: 'பாய் மி கோ'. நடந்துகொண்டிருப்பதற்கு 'ஸ்டாப்': 'மி ஸ்டாப் காகாய்', சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முடிந்ததற்கு 'ஃபினிஸ்' பின்னால் வரும்: 'மி காகாய் ஃபினிஸ்'. செயப்படுபொருள் வந்தால் வினை விகுதி ஏற்கும், அந்த விகுதியின் உயிரெழுத்தும் பெரும்பாலும் வினையின் உயிரை ஒட்டி மாறும்: 'குக்' என்பது 'குக்கும்' ஆகும், 'ரிட்' என்பது 'ரிடிம்' ஆகும், 'டெக்' என்பது 'டெகெம்' ஆகும்.

ஆங்கிலம் தெரியும் என்ற துணிச்சலில் ஊகித்தால் பொருள் கெடும். 'மி ஸ்டாப் லோங் விலா' என்றால் தலைநகர் போர்ட் விலாவில் நின்றுவிட்டேன் என்று பொருளில்லை, விலாவில் வசிக்கிறேன். 'கிலிம்' பெரும்பாலும் அடிப்பதைத்தான் குறிக்கும். கொன்றதை ஐயமறச் சொல்ல 'கிலிம் இ டெட்' என்பார்கள். இது தெரியாமல் ஒரு புகாரை மொழிபெயர்ப்பவர், அடிதடியைக் கொலையாக்கிவிடுவார். 'ஹாரெம்' கேட்பதற்கும் உணர்வதற்கும் பொது. உங்கள் கட்டுரையின் சொற்பட்டியலில் 'டுமாஸ்' என்பதற்கு 'அளவுக்கு மீறி' என்று பொருள் தந்திருப்பதும் இதே வகை ஊகம்தான். 'டாங்க்யு டுமாஸ்' என்றால் மிக்க நன்றி, அவ்வளவே.

பிரெஞ்சு ஆட்சியின் தடமும் உண்டு: புத்தாண்டு 'பொனானெ', பம்பளிமாஸ் 'பாம்ப்ளிமுஸ்'. நகாமால், நசாரா என்று ஊர்க்கூடம், ஊர்த்திடல் பெயர்களில் வரும் முதல் 'ந' உள்ளூர் மொழிகள் பலவற்றில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சொல். பிஸ்லாமாவில் பெயரோடு ஒட்டிப்போயிற்று.

இரட்டை ஆட்சியின் ஆழமான காயம் பள்ளியில் விழுந்தது. பிரிட்டிஷ் பள்ளிக்கு ஒரு பாடத்திட்டம், பிரெஞ்சுப் பள்ளிக்கு ஒரு பாடத்திட்டம். ஒரே தீவின் பிள்ளைகள் படித்த பிறகு எழுத்தில் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியாதவர்களானார்கள். அந்தப் பிளவு அரசியலிலும் இறங்கியது. விடுதலையை முன்னெடுத்த வால்டர் லினியின் வனுவாக்கு கட்சி பெரும்பாலும் ஆங்கிலம் படித்த, புராட்டஸ்டன்ட் மக்களின் கட்சி. எதிரணியில் பிரெஞ்சு படித்த கத்தோலிக்கர்கள் மிகுதி. 1980-இல் சான்டோ தீவில் கிளர்ச்சி வெடித்து, அதை அடக்க பப்புவா நியூகினியிலிருந்து படை வந்தது. பிரெஞ்சு படித்த ஒருவர் பிரதமராக 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரு தரப்பும் மேடையில் நின்று ஊர் மக்களிடம் பேசியது பிஸ்லாமாவில்தான்.

ஆகவேதான் அரசியல் சட்டம் பிஸ்லாமாவைத் தேசிய மொழி என்றும், ஆங்கிலம், பிரெஞ்சோடு ஆட்சிமொழி என்றும் அறிவித்தது. ஆனால் அதே பிரிவு, கல்வியின் முதன்மை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்றும் சொல்கிறது. தேசிய மொழிக்கு வகுப்பறையில் இடமில்லாத இந்த ஏற்பாட்டை நான் நியாயமாகக் கருதவில்லை. 2012-இல் வந்த கொள்கைதான் தொடக்க வகுப்புகளில் உள்ளூர் மொழிக்கும் பிஸ்லாமாவுக்கும் வழி திறந்தது.

பிஸ்லாமாவின் வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு, கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. மூன்று லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட உள்ளூர் மொழிகள் இருக்கின்றன. சில நூறு பேர் மட்டுமே பேசுபவை பல. 2009 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 63 சதவீதம் பேர் வீட்டில் உள்ளூர் மொழியும், 34 சதவீதம் பேர் பிஸ்லாமாவும் பேசினார்கள். போர்ட் விலா, லுகன்வில் நகரங்களில் வெவ்வேறு தீவுகளைச் சேர்ந்த இருவர் மணம் செய்துகொண்டால் வீட்டு மொழி பிஸ்லாமாவாகிறது. பெற்றோர் மொழி இரண்டும் பிள்ளையிடம் போய்ச் சேர்வதில்லை.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'முன்னாள் பிரிட்டிஷ் காலனி' என்ற இடத்தில் 'பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து ஆண்ட நியூ ஹெப்ரிடீஸ்' என்றும், 'உடைந்த ஆங்கிலம்' என்ற இடத்தில் 'வனுவாட்டின் தேசிய மொழியான பிஸ்லாமா' என்றும் இருக்கட்டும். சொற்பட்டியலில் 'டுமாஸ்' என்பதற்கு நேரே 'மிகவும்' என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்