தலையில் இருப்பது கிரீடம் அல்ல, மரக்கால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏலத்துக்கு வந்திருக்கும் ரோமானியப் பளிங்குச் சிலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செராபிஸ் தெய்வத்தின் மார்பளவுச் சிலை. படமும் அழகாக வந்திருக்கிறது. ஆனால் சாமியின் தலையில் இருப்பதைக் 'கிரீடம்' என்று எழுதிவிட்டார் கட்டுரையாளர். அது மரக்கால். தானியம் அளக்கிற மரக்காலேதான். லத்தீனில் மோடியஸ் என்பார்கள், ஏறக்குறைய எட்டே முக்கால் லிட்டர் பிடிக்கும். செராபிஸ், எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்கள் அலெக்ஸாண்ட்ரியாவில் வளர்த்த தெய்வம். ரோம் நகரம் தின்ற கோதுமையில் கணிசமான பங்கு அந்தத் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறிப் போனது. ஊருக்கே படியளக்கும் சாமி தலையில் மரக்கால் இல்லாமல் வேறென்ன இருக்கும்?

நெல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இது என் கண்ணில் பட்டது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடக்கே, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய கார்வோரனில் 1915-ல் ஒரு வெண்கல மோடியஸ் கிடைத்தது. பதினேழரை செக்ஸ்டாரியஸ் (மரக்காலைவிடச் சின்ன ரோமானியப் படி) என்று அதில் பொறித்திருக்கிறார்கள். ஊற்றிப் பார்த்தால் இருபதுக்கு மேல் பிடிக்கிறது. உள்ளே அளவுக்குறி ஏதோ இருந்து தொலைந்திருக்கும் என்பவர்களும் உண்டு. வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்பதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அவ்வளவு நல்லெண்ணம் வரவில்லை.

கட்டுரையாளர் மூக்கு ஒட்டுப்போட்டது என்று குறைபட்டிருக்கிறார். அதை நான் குறையாக எண்ண மாட்டேன். 18-ஆம் நூற்றாண்டு ரோமில் கவாசெப்பி போன்ற சிற்பிகள் உடைந்த சிலைகளுக்கு மூக்கும் காதும் வைத்து ஆங்கிலேயப் பிரபுக்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்து ஒட்டு என்று உறுதியானால், சிலை வெகுநாளாக வெளியில் இருக்கிறது என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

எனக்கு உறுத்துவது வேறு. மதிப்பு எவ்வளவு, யார் வாங்கக்கூடும் என்று இரண்டு பக்கம் எழுதியவர், சிலை எங்கிருந்து வந்தது என்பதற்கு 'ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு' என்ற ஒரு வரியோடு போய்விட்டார். எந்த ஊர், எந்தக் கோயில் அல்லது வீடு, யார் எப்போது தோண்டினார்கள்?

1954-ல் லண்டன் வால்புரூக்கில், குண்டுவீச்சில் இடிந்த மனையில் தொல்லியலாளர் கிரைம்ஸ் நடத்திய அகழாய்வில், ரோமானியர் வழிபட்ட மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயில் வெளிப்பட்டது. அங்கும் ஒரு செராபிஸ் தலை, மரக்காலோடு கிடைத்தது. மித்ராஸ், மினர்வா தலைகளைப் போல அதையும் தரைக்கடியில் புதைத்து வைத்திருந்தார்கள். வேறொரு தெய்வத்தின் கோயிலில் செராபிஸுக்கும் இடம் இருந்தது என்பது அதனால்தான் தெரிகிறது. அதே தலையை யாராவது ராத்திரியில் தோண்டி விற்றிருந்தால், நமக்கு மிஞ்சியது அழகான தாடி மட்டும்தான்.

'தனியார் சேகரிப்பு' என்றால் என்னவெல்லாம் இருக்கலாம் என்பது 1995-ல் ஜெனீவாவில் தெரிந்தது. ஜாகோமோ மெடிசி என்ற பழங்கலைப்பொருள் வியாபாரியின் கிடங்கைச் சோதனையிட்டபோது ஆயிரக்கணக்கில் போலராய்டு படங்கள் அகப்பட்டன. தோண்டியெடுத்த பொருள்களை மண் ஒட்டியபடியே எடுத்த படங்களும் அவற்றில் இருந்தன. எடுத்தவுடன் தானாகவே வெளிவரும் அந்த வகைப் போலராய்டு விற்பனைக்கு வந்ததே 1972-ல். மண்ணுக்கடியில் கிடைப்பது அரசுக்குச் சொந்தம் என்று இத்தாலி 1909-லேயே சட்டம் போட்டுவிட்டது. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் வந்தது. அப்புறம் எடுத்த படத்தில் ஈர மண்ணோடு ஒரு சிலை இருந்தால், அது தாத்தா காலத்துச் சொத்து என்று யாரை நம்பவைப்பது?

ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருட்டுப்போன நடராஜரும் காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லித்தான் 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய படங்கள் அந்தக் காகிதத்தைப் பொய்யாக்கின. 2014-ல் அவர் திரும்பி வந்தார். இத்தாலியில் தோண்டிய குழியில் கிடந்ததைக் கோயில் சாமியைப் போல யாரும் முன்கூட்டியே படம் எடுத்து வைத்திருக்க முடியாது. அதனால்தான் அங்கே விற்பவரிடம் கேள்வி கேட்பது இன்னும் அவசியமாகிறது.

கட்டுரையாளர் அந்த ஏல நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடட்டும். 1970-க்கு முந்தைய பில்லோ, பழைய ஏலப் பட்டியலோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, வருகிற பதிலை அப்படியே அடுத்த இதழில் போடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் போடுங்கள். கூடவே அந்தக் 'கிரீட'த்தையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்