சீட்டு இல்லாத குழந்தைக்குக் காப்புறுதியும் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்கு ஆலய யாத்திரை போவது மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. நல்லதுதான், போய் வரட்டும். ஆனால் கைக்குழந்தையோடு போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஏற்பாட்டாளரிடம் ஒன்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்புறுதிப் பட்டியலில் குழந்தையின் பெயர் இருக்கிறதா?

எங்கள் பட்டியலில் இல்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை பெரியவர் மடியில் உட்கார்ந்து போகலாம், விமானத்தில் தனி சீட்டு தேவையில்லை. எங்கள் ஏற்பாட்டாளர் சீட்டை எண்ணிக் காப்புறுதி எடுத்திருக்கிறார். கடப்பிதழுக்கும் விசாவுக்கும் என் பேத்தி முழு ஆள்தான். (ஒன்பது மாதக் குழந்தையைக் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்க வைத்துப் படம் எடுப்பது தனிக் கூத்து.) காப்புறுதிக்கு மட்டும் அவள் கைப்பை ஆகிவிட்டாள்.

முசிறிப் பக்கம் உள்ள குலதெய்வக் கோயிலில் முடி இறக்கி, காது குத்தினோம். அதுவரை ஒரு குறையும் இல்லை. கும்பகோணத்தில் தங்கிய இரவில்தான் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது, கூடவே வாந்தி. எனக்குச் சந்தேகம் பால் மாவுத் தண்ணீர் மேல்தான். மாவிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால் குறைந்தது 70 பாகை சூடுள்ள தண்ணீரில் கரைத்து, பிறகு ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். விடியற்காலை 5 மணிக்கே பேருந்து கிளம்பினால் அதற்கெல்லாம் ஏது நேரம்? ராத்திரி பிளாஸ்கில் ஊற்றிய தண்ணீர் ஆறிப்போயிருக்கும். அதில் கலக்கிய பாட்டிலை வைத்துக்கொண்டு அடுத்த கோயில் வரைக்கும் கொடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

நான் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவள். ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் இருட்டோடு விட்டுப் போகும் பிள்ளைகளை வளர்த்த கை இது. பேதி கண்ட பிள்ளையிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று தோட்டத்து டிரெஸர் (மருத்துவ உதவியாளர்) எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். உச்சிக்குழி பள்ளமாகிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி ஆகிறதா, மூத்திரம் போகிறதா. பெம்பர்ஸ் வந்த பிறகு இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது கஷ்டம். பேதியும் தண்ணீராகப் போனால் எது எது என்று தெரியாது. நான் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய வேட்டித் துணியைக் கட்டினேன். அப்புறம்தான் மூத்திரம் நின்று வெகு நேரமாகிறது என்று தெரிந்தது.

அதற்குள் மருமகன் மருந்துக்கடையைத் தேடிப் போயிருந்தார். கடைத் தம்பி முதலில் எடுத்து நீட்டியது ஒரு பழச்சாறு டப்பா. சர்க்கரை அதிகமுள்ள பானம் பேதியை இன்னும் கூட்டும். இந்தியாவில் இது சின்ன விஷயம் இல்லை. ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் எட்டு ஆண்டுகள் போராடினார். அதன் பிறகே, 2025 அக்டோபரில், இத்தகைய பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' (பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்) என்று போடக்கூடாது என அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

நல்ல வேளை, மருமகன் உப்புச் சர்க்கரைப் பொடிதான் வேண்டும் என்று நின்று வாங்கி வந்தார். அதிலும் ஒரு கண்டம் இருந்தது. நம் கிளினிக்கில் தரும் சின்னப் பொட்டலம் கால் லிட்டர் தண்ணீருக்கானது. அங்கே வாங்கிய பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. மகள் இங்கே செய்கிற பழக்கத்தில் அதை ஒரு கப் தண்ணீரில் கொட்டப் போனாள். நான்கு மடங்கு உப்பு ஏறியிருக்கும், குழந்தை உடம்பு தாங்காது. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் யாரும் கரைக்காதீர்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாக, ஓரிரு நிமிடம் விட்டுக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்க வேண்டும்.

விடிந்ததும் யாத்திரைத் தலைவர் சொன்னார்: "ஒரு ஊசியப் போட்டுத் தூக்கிட்டு வாங்கம்மா, ராமேஸ்வரத்துக்கு நேரமாகுது." நாங்கள் பெட்டியை இறக்கிக்கொண்டோம், பேருந்து போய்விட்டது.

ஆட்டோக்காரர் கூட்டிப்போன குழந்தை மருத்துவர் ஊசியும் போடவில்லை, ஆன்டிபயாட்டிக்கும் எழுதவில்லை. வாயால் கொடுப்பது வயிற்றில் நிற்காததால் கையில் டிரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைத்தார். "ரோட்டா சொட்டு மருந்து கொடுத்தாச்சா?" என்று கேட்டார். குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா கிருமிக்கு எதிரான தடுப்பு மருந்து அது. இந்தியாவில் அதை 2016-லிருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்திலேயே சேர்க்கத் தொடங்கிவிட்டார்களாம். பேத்தியின் கிளினிக் புத்தகத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. துத்தநாக மருந்து தினமும் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள் நிறுத்தக்கூடாது என்றார். ஆறு மாதத்துக்குக் கீழ் என்றால் பாதி அளவாம். மகள் தாய்ப்பாலும் கொடுப்பவள். அதை ஒரு வேளைகூட நிறுத்தாதே என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பணம் கட்டுவது தனித் தொல்லை. அங்கே எல்லாரும் கைப்பேசியில் கட்டிவிடுகிறார்கள். நம் வங்கிக் கார்டை அந்த இயந்திரம் ஏற்கவில்லை, மருமகன் பணமாற்றுக் கடைக்கு ஓடினார். மொத்தம் 15,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, நம் காசுக்கு 700 வெள்ளிச் சொச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போயிருந்தால்? நாடு திரும்பிய பின் மருமகன் ஏற்பாட்டாளரிடம் கேட்டதற்கு, "லிஸ்டுல பேர் இல்லையே சார்" என்று முடித்துக்கொண்டார். லிஸ்டை எழுதியது யார்?

குழந்தையின் கடப்பிதழ் எண்ணோடு பெயர் இருக்கும் காப்புறுதித் தாளின் நகலைப் பயணத்துக்கு முன்பே பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். அதில் உள்ள 24 மணி நேரத் தொலைபேசி எண்ணையும் சொல்லித்தர வேண்டும், ஏனென்றால் மருத்துவமனையில் சேர்ப்பதென்றால் பெரும்பாலும் அந்த எண்ணுக்கு முதலில் தகவல் சொல்லியாக வேண்டும். கோயில் நடை திறக்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் அச்சடிக்கிறவர்களுக்கு, தங்கும் ஊரில் உள்ள குழந்தை மருத்துவர் ஒருவரின் எண்ணையும், தமிழ்நாட்டில் ஆம்புலன்சுக்கு 108 என்பதையும் அடியில் சேர்ப்பது என்ன சிரமம்?

பேத்தி இப்போது நன்றாக இருக்கிறாள். கிளினிக் மிஸ்ஸி (தாதி) நிறுத்துப் பார்த்தார், குறைந்த எடை திரும்பிவிட்டது. மருமகன் ஏற்பாட்டாளருக்கு எழுதிய கடிதத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்திருக்கிறோம். பதில் வந்தால் அதையும் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத்து ஆயா,
சுங்கை சிப்புட், பேரா.