டாக்கில் வைத்தால் டர்போ காணாமல் போகிறது: நான்காவது புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: உங்களிடம் வாங்கிய கையடக்க கேமிங் பிசி, அதை மானிட்டரோடு இணைக்கும் டாக், 65 வாட் சார்ஜர் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் "விண்டோஸை மறுபடியும் இன்ஸ்டால் செய்து பாருங்கள்" என்ற ஒரே பதில்தான் வந்தது. மூன்று தடவையும் செய்தேன். ஒவ்வொரு தடவையும் கேம்களை எல்லாம் மறுபடி டவுன்லோட் செய்வதிலேயே ஒரு வார இறுதி போனது. இனி செய்வதாக இல்லை. கோளாறு விண்டோஸில் இல்லை. எங்கே இருக்கிறது என்று நானே கண்டுபிடித்துவிட்டேன்.

நான்கு மாதங்களுக்கு முன் இந்த மூன்றையும் ஒரே பில்லில் உங்கள் இணையதளத்தில் வாங்கினேன். "கையில் எடுத்தால் கன்சோல், டாக்கில் வைத்தால் டெஸ்க்டாப்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பி என் பழைய டெஸ்க்டாப்பை விற்றேன். படிக்க மகளுக்கு மேசை வேண்டியிருந்தது. இரவில் அவள் தூங்கிய பிறகு மானிட்டரில் இரண்டு மணி நேரம், மற்ற நேரம் படுக்கையிலோ சோஃபாவிலோ கையில் வைத்து விளையாடுவது என்பது என் திட்டம்.

கையில் வைத்து விளையாடும் பாதியில் எனக்குக் குறையே இல்லை. ஏழு அங்குலத் திரை தெளிவாக இருக்கிறது, ஸ்டிக்குகள் விரலுக்கு இதமாக இருக்கின்றன. சிப்புக்கு 15 வாட் தரும் முறையில் கனமான கேம் ஆடினால் பேட்டரி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. பேட்டரி 40 வாட்-மணி. சிப், திரை, ஃபேன் எல்லாம் சேர்ந்து 23, 24 வாட் இழுத்தால் கணக்கு அங்கேதான் போய் நிற்கும். உங்கள் விளம்பரத்தில் இருக்கும் "எட்டு மணி நேரம்" வீடியோ பார்ப்பதற்கான கணக்கு என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. சரி, அதை விட்டுவிடுகிறேன்.

என் புகார் டாக் பற்றியது. இந்தக் கருவியில் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் தருவது என்பதற்கு 10 வாட், 15 வாட், டர்போ என்று மூன்று முறைகள். வேகம் அதிகமான டர்போ 30 வாட். சார்ஜரில் இருக்கும்போது மட்டும்தான் வரும். டெஸ்க்டாப் போல ஆடலாம் என்று நீங்கள் சொன்னது இந்த முறையை வைத்துத்தான். சார்ஜரை நேராகக் கருவியில் செருகினால் டர்போ பட்டன் பளிச்சென்று வருகிறது. அதே சார்ஜரை டாக்கில் செருகி, டாக்கிலிருந்து கருவிக்குக் கேபிள் கொடுத்தால் பட்டன் மங்கிவிடுகிறது, அழுத்தினாலும் அசைவதில்லை. பெரிய மானிட்டரில் 15 வாட்டில்தான் ஓடுகிறது. வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போக வேண்டிய கார் ரேஸ், படம் படமாகத் தாவித் தாவிப் போகிறது.

காரணம் இதுதான். சார்ஜர் தருவது 65 வாட். டாக் தன் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் எச்டிஎம்ஐக்கும் என்று 15 வாட்டை எடுத்து வைத்துக்கொண்டு மீதி 50ஐத்தான் கருவிக்கு அனுப்புகிறது. யுஎஸ்பி-சியில் எவ்வளவு மின்சாரம் வரும் என்பதைக் கருவி முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும். 65க்குக் குறைவு என்று தெரிந்ததும் டர்போவைப் பூட்டிவிடுகிறது. நண்பரின் லேப்டாப் சார்ஜரை இரவல் வாங்கி, 100 வாட், அதன் 5 ஆம்பியர் கேபிளோடு டாக்கில் செருகினேன். டர்போ உடனே வந்தது! சார்ஜரைத் திருப்பிக் கொடுத்தேன், டர்போவும் போய்விட்டது. டாக்கைக் கவிழ்த்துப் பார்த்தால், அடிப்பகுதியில் ரப்பர் காலுக்குப் பக்கத்தில் "உள்ளீடு 100 வாட்" என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது உங்கள் டாக் கேட்கும் சார்ஜரை நீங்களே தரவில்லை. தனியாக வாங்க வேண்டும் என்று பெட்டியிலும் எழுதவில்லை, இணையப் பக்கத்திலும் எழுதவில்லை.

போனில் பேசிய உங்கள் ஊழியர் ஒருவர், "கையடக்கக் கருவி டெஸ்க்டாப் ஆகிவிடுமா சார்?" என்று கேட்டார். ஆகாது என்று எனக்கும் தெரியும். பெரிய கேமிங் டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 200 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதற்கென்று தனி மெமரி உண்டு. இதில் 16 ஜிபியை சிப்பும் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 4கே மானிட்டரில் 1080பியைப் (முழு எச்டி) போல நான்கு மடங்கு பிக்சல். அதனால்தான் நான் 4கே பக்கமே போகாமல் 1080பியில் ஆடுகிறேன். அந்த 200 வாட்டை நான் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன 30ஐத்தான் கேட்கிறேன். டெஸ்க்டாப் என்ற வார்த்தையை விளம்பரத்தில் எழுதியதும் நான் இல்லை.

எனக்கு வேண்டியது இரண்டில் ஒன்று. 100 வாட் சார்ஜரையும் அதற்கேற்ற 5 ஆம்பியர் கேபிளையும் கூடுதல் பணம் வாங்காமல் அனுப்புங்கள். முடியாதென்றால் டாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதன் முழு விலையைத் தாருங்கள். கருவியை நான் வைத்துக்கொள்கிறேன். அப்புறம், டாக் விற்கும் பக்கத்தில் "டர்போவுக்கு 100 வாட் சார்ஜர் தேவை" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாளைக்கு இன்னொருவர் என்னைப் போல டெஸ்க்டாப்பை விற்றுவிட்டு வந்து நிற்க வேண்டாம்.

பில் நகல், டர்போ பட்டன் வந்த படம், மங்கிய படம், டாக்கின் அடிப்பகுதிப் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். டாக்கைப் பழையபடி பெட்டியில் போட்டு ஒட்டி வைத்துவிட்டேன். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று மட்டும் சொன்னால் போதும், விண்டோஸ் பற்றி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்