2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: தியேட்டரும் அதன் சரிந்த தரையும்

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரத்துக்கு வந்து கதிரை விரித்துப் போட்ட அங்கத்தவர்களே, வணக்கம்.

நலன்புரிச் சங்கத்தின் வழமையான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒன்பது தடவை கூடியது. அதற்கு மேல் இரண்டு தடவை கோரத்துக்குப் போதிய ஆட்கள் சேராமல் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தது. மரண உதவி கோரிய குடும்பங்கள் அனைத்துக்கும் பணம் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. மயானப் பாதை வளைவில் அடுக்கிய கல்லணை நவம்பர் மழைக்கும் அசையவில்லை. தெருவிளக்குக்காக எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை; பிரதியெடுத்து மறுபடியும் அனுப்பியிருக்கிறோம். சந்தா நிலுவையைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். நான் பேசினால் சிலர் எழுந்து போய்விடுவார்கள், பிறகு கோரம் போய்விடும்.

மீதி அறிக்கை தியேட்டரைப் பற்றியது. இந்த ஆண்டு நமது நேரமும் வாக்குவாதமும் பெரும்பாலும் அங்கேதான் போயின. தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்கச் சொல்லும், இன்றைய நிகழ்ச்சி நிரலின் ஆறாவது தீர்மானத்துக்கு வாக்களிக்கும் முன் எல்லாரும் சில விடயங்களை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சற்று நீட்டியே எழுதியிருக்கிறேன்.

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஓடும் பஸ்கள் ஐந்து நிமிடம் நின்று போகும் நமது டவுனில், பஸ் தரிப்பிடத்துக்கு மேலே இருக்கும் அந்தக் கட்டிடத்தை இளம் அங்கத்தவர்கள் பூட்டிய இரும்புக் கேற்றாகத்தான் பார்த்திருக்கிறார்கள். என் வயதுக்காரர்களுக்குப் பத்தாம் திகதியென்றால் சம்பளம், சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறென்றால் அந்தக் கேற். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி, ஆற்றில் கால் கழுவி, கையில் தூக்கி வந்த செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்தவர் என்பதால் அவர் படத்துக்குக் கலரியில் இருந்த உரிமைச் சத்தமே வேறு.

தொலைக்காட்சி வந்து தியேட்டரைக் கெடுத்தது என்று எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். செயற்குழுவிலும் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொலைக்காட்சி 1979இல் இந்த நாட்டுக்கு வந்தது, அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. அப்போது நமது தோட்டத்து வரிசை வீடுகளான லயன்களில் எத்தனைக்கு மின்சாரம் இருந்தது? கார் பெற்றரியைத் தோளில் சுமந்து டவுனுக்குக் கொண்டுவந்து சார்ஜ் செய்து, திரும்பவும் மலையேற்றி, நாற்பது பேர் ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்தார்கள். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தியேட்டரின் கூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் தோட்டத்து மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நிற்கும் வரையில், தகரப் பெட்டியும் பாயுமாகக் கோச்சியேறிய குடும்பங்களை நாம் ஸ்டேஷனில் நின்று அழுது வழியனுப்பினோம். அந்தக் கோச்சிகளில் போனவர்களெல்லாம் நமது தியேட்டரின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்தான். டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் அதைக் கணக்கில் பார்த்திருப்பார்; நாம் பார்க்கவில்லை.

1972இல் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அரச கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போயின. தென்னிந்தியப் படங்கள் எண்ணி எண்ணி வந்தன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடித் தேய்ந்த பிரதிதான் மலையேறும். திரையில் கோடு கோடாக விழுந்தால் ‘மழை பெய்கிறது’ என்போம், வெளியிலும் பெய்துகொண்டிருக்கும். அதே காலத்தில்தான் நமது சொந்தப் படங்களுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். வி. பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ எடுத்தபோது, திரையில் தோட்டத்து வாழ்க்கையைப் பார்த்த நமது அம்மாக்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே பேசினார்கள்.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு தோட்டத்து ஆட்கள் இரவில் டவுனில் நிற்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதோடு இரவுக் காட்சி போயிற்று. 1988, 89இல் கிளர்ச்சிக் காலத்து ஊரடங்குச் சட்டம் மாலைக் காட்சியையும் தின்றது. இவை எல்லாவற்றையும் தாண்டித்தான் வீடியோ டெக் வாடகைக்கு வந்தது, பிறகு கேபிள் வந்தது.

தொண்ணூறுகளில் உரிமையாளர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். மண்டபத்தை நீளவாக்கில் பலகைச் சுவரால் பிரித்து, இடப்பக்கத்து மூன்றில் ஒன்றை ‘மினி’ ஆக்கினார். ஒரே கூரையின் கீழ் இரண்டு திரை, ஒரே நேரத்தில் இரண்டு படம். இப்போது கொழும்பிலும் கண்டியிலும் கடைத்தொகுதிகளுக்குள் பல திரைகளோடு கட்டுகிறார்களே, அதை நமது டவுன் பலகையால் முன்கூட்டியே செய்து பார்த்துவிட்டது. பலகைக்கு இரண்டு பக்கமும் சாக்கு அடித்திருந்தும் சத்தம் நிற்கவில்லை. மினியில் தாய் சாகும் நேரத்தில் பெரிய மண்டபத்தில் வில்லனைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

நமது மூத்த அங்கத்தவர் ஒப்பரேட்டர் ஐயாவை இந்த ஆண்டு இரண்டு மாலை உட்காரவைத்துப் பேசச் சொன்னோம். பையன்கள் கைபேசியில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு ரீல் இரண்டாயிரம் அடி, இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். திரையின் வலது மேல் மூலையில் புள்ளி விழுந்ததும் அடுத்த மெஷினுக்கு மாறவேண்டும். கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைக் கையால் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். கவனம் தப்பினால் கதாநாயகி மஞ்சளாகி மறைந்துவிடுவாள். ஒரே பிரதியைப் பக்கத்து டவுனோடு பங்குபோட்டு ஓட்டிய ஒரு தீபாவளிக்கு, பனிமூட்டத்தில் பஸ் தாமதித்து நான்காவது ரீல் வந்து சேரவில்லை. அவர் மூன்றாவது ரீலில் இருந்த பாட்டை மறுபடியும் போட்டார். “யாருமே சத்தம் போடவில்லை, கை தட்டினார்கள்” என்றார்.

பிலிம் பிரதிகள் நின்று எல்லாம் டிஜிட்டலுக்கு மாறியபோது புதிய புரொஜெக்டர் வாங்கும் வசதி நமது தியேட்டருக்கு இல்லை. சில காலம் சின்ன மெஷினில் மங்கலாக ஓட்டினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடினார்கள், இடையிடையே திறந்தார்கள். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டருக்கு டீசல் தேடி வரிசையில் நின்றுவிட்டு, அதைப் பன்னிரண்டு பேருக்குப் படம் காட்ட எரிப்பதா என்று உரிமையாளரின் வாரிசுகள் கேட்டார்கள். அதற்கு நம்மிடமும் பதில் இல்லை.

2023இல் ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டிடம் சங்கத்தின் கைக்கு வருவதற்கு முன்பு அங்கே வேறு சில முயற்சிகள் நடந்தன. எல்லாவற்றையும் தோற்கடித்தது தரை. தியேட்டரின் தரை எண்பது அடி நீளத்தில் ஐந்து அடி இறங்குகிறது. தளபாட விற்பனை நடத்தியவரின் அலுமாரிக் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன. ஒரு கல்யாணமும் நடந்தது. திரை இருந்த மேடையில் மணவறை அழகாகத்தான் இருந்தது. பந்தியில் இலை போட்டு ரசம் ஊற்றினார்கள். அது மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஓடியது. அந்தக் குடும்பங்களுக்குள் இன்றைக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை என்று கேள்வி. ரசம் மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

மினி மண்டபத்தை மாலைநேரப் படிப்பறையாக்குவது நமது முடிவு. லயன் அறையில் ஆறு பேருக்கு நடுவில் ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க முடியாது என்பதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. வௌவால்களை விரட்ட ஒரு மாதம் போயிற்று. ஜன்னலே இல்லாத கட்டிடமாதலால் மேல் சுவரில் காற்றுத் துவாரங்கள் திறந்தோம். கூரைத் தகடு அஸ்பெஸ்டஸ். அதை உடைக்கவோ துளையிடவோ கூடாது என்று சொல்லி, ஒழுகிய இடங்களில் ஆணி வொஷர்களை மட்டும் மாற்றினோம். மின்கம்பிகள் முழுவதும் புதிது. மேசை சரிந்து நின்றது. நமது தச்சர் ஒரு நாள் முழுக்க எதுவும் செய்யாமல் நின்று பார்த்தார். மறுநாள் இரண்டடி அகல மேசை ஒவ்வொன்றிலும் மேட்டுப் பக்கக் கால்களை ஒன்றரை அங்குலம் அறுத்தார். மேசை மட்டமானது. ஆகவே மேசைகளைத் திருப்பிப் போடவேண்டாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சை, மழை வெள்ளத்தால் 27ஆம் திகதி இடைநிறுத்தப்பட்டு டிசெம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் ஆரம்பமானது. இடைநிறுத்திய முதல் இரண்டு இரவும் மேல் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பாதையில் மண் சரிந்ததால் வீடு போக முடியாமல் மினியிலேயே தங்கினார்கள். மாதர் குழு சமைத்தது. ஒப்பரேட்டர் ஐயா விடியும்வரை கேற்றில் உட்கார்ந்திருந்தார். யார் சொல்லியும் போகவில்லை.

பெரிய மண்டபத்தில் மழைக்காலத்தில் கூத்துப் பயிற்சி நடக்கிறது. மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை அங்கேயே ஆடலாமே என்று சிலர் கேட்டபோது பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். காமன் கம்பத்தை மண்ணில் ஊன்றவேண்டும், சீமெந்தில் ஊன்ற முடியாது. பயிற்சிக்கு மட்டும் சம்மதித்தார்கள். தப்பு மேளச் சத்தம் பலகையைத் தாண்டி வருகிறது என்று படிக்கும் பிள்ளைகள் முறையிட்டதால், ஏழு மணிக்கு மேல் தப்பு இல்லை என்று விதி போட்டிருக்கிறோம். பழைய மினியின் கதைதான் திரும்பவும்.

இனி ஆறாவது தீர்மானம். பலகையை அகற்றி, முழுத் தரையையும் மண் கொட்டி மட்டமாக்கி, கல்யாண மண்டபமாக வாடகைக்கு விடலாம் என்பது முன்மொழிவு. வருமானம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. மரண உதவி நிதிக்கு அது தேவையும்கூட. ஆனால் கணக்குப் பாருங்கள். எண்பது அடி நீளம், நாற்பது அடி அகலம், சராசரி இரண்டரை அடி உயரம்: எட்டாயிரம் கனஅடி, அதாவது எண்பது கியூப் மண். டிப்பரில் முப்பது லோட் வரலாம். முந்நூற்றைம்பது தொன்னுக்குக் குறையாது. அந்த மண் கீழ்ச் சுவரைத் தள்ளும். அது திரையைத் தாங்கக் கட்டிய சுவர். மலையைத் தாங்கக் கட்டியதில்லை. அதற்குக் கீழே பஸ் தரிப்பிடம். நமது மாவட்டத்தில் இப்படியான வேலைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுப் பரிந்துரையும் வேண்டும். அதற்கு இன்னும் விண்ணப்பிக்கவேயில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இது என் சொந்தக் கருத்து. கல்யாண மண்டபம் டவுனில் ஏற்கனவே இரண்டு உண்டு. பிள்ளைகள் இரவு எட்டு மணிவரை வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்க இது ஒன்றுதான். மூன்று அகலமான படிகளாகக் கல் கட்டி, மேட்டில் வெட்டும் மண்ணையே பள்ளத்தில் நிரப்பினால் வெளியிலிருந்து ஒரு லோட் மண்ணும் வேண்டாம் என்கிறார் தச்சர். தேயிலை மலையில் கல்லணை கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது புதிய வேலையா என்றும் கேட்டார். நான் அவர் பக்கம். தலைவர் எதிர்ப்பக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும்; அதற்காக அவரோடு தேநீர் குடிப்பதை நிறுத்தவில்லை.

வேலைக்குக் கைகொடுத்த இளைஞர்களுக்கும், கேற்றுக்கு மைபூசித் தந்த கடைக்காரருக்கும், மழை இரவில் சமைத்த மாதர் குழுவுக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

மினி மண்டபத்தின் இரண்டாவது சாவி ஒக்டோபரிலிருந்து காணவில்லை. யாரிடம் இருக்கிறதோ, வாக்கெடுப்புக்கு முன் மேசையில் வைத்துவிடவும். கேள்வி எதுவும் கேட்க மாட்டேன்.

செயலாளர்